முதுகு காட்டாத சிலந்தி

நான் இப்போது சொல்லப்போவதை ஆறு வருஷமாக நானே நம்பவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் நம்புவேன், மறுநாள் நம்ப மாட்டேன். தராசு முள் மாதிரி இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். நடுவில் நின்றதே கிடையாது.

உங்கள் மடியில் இருப்பது கேமராப் பைதானே? பஸ்ஸில் ஏறும்போதே பார்த்தேன். அதனால்தான் முன்னால் ஜன்னலோர இருக்கை காலியாக இருந்தும் இங்கே வந்து உட்கார்ந்தேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் சார். கேமரா பிடிக்கிற ஒருவரிடம்தான் இதைச் சொல்ல முடியும். மற்றவர்கள் பாதியிலேயே சிரித்துவிடுகிறார்கள். மதுரை போய்ச் சேர இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. தூக்கம் வந்தால் நீங்கள் பாட்டுக்குத் தூங்குங்கள். நான் சொல்லிக்கொண்டே வருகிறேன்.

என் பெயர் குற்றாலிங்கம். பாளையங்கோட்டை. தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரை போடுகிற உத்தியோகம். அடுத்தவர் தராசைச் சந்தேகப்படுவதுதான் முப்பது வருஷமாக என் வேலை. எடைக்கல்லின் அடியில் ஈயத்தைச் சுரண்டி எடுத்தவர், தராசுத் தட்டின் அடியில் புளியை ஒட்டி வைத்தவர், எல்லாரையும் பார்த்தாயிற்று. ஒருவர், நான் கேட்பதற்கு முன்பே, "சாமி சத்தியமா சரியான கல்லு சார்" என்று சொன்னால் அந்தக் கல்லை மட்டும் இரண்டு தடவை நிறுப்பேன்.

ஓய்வு நேரத்தில் பூச்சிகளைப் படம் எடுப்பேன். மேக்ரோ. உங்களுக்குத் தெரியாததா? லென்ஸை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோய், மூச்சைப் பிடித்துக்கொண்டு, எள்ளளவு முன்னே போனாலும் கெட்டது, பின்னே வந்தாலும் கெட்டது. காற்று அடித்தால் போச்சு. தும்மல் வந்தால் போச்சு. எங்கள் வீட்டுப் பின்பக்கம் பதினைந்தடிக்கு இருபதடி தோட்டம். ஒரு நந்தியாவட்டை, ஒரு கறிவேப்பிலை, ஒரு முருங்கை, இட்லிப்பூச் செடி இரண்டு, என் மனைவி கோமதி வைத்த கத்தரிச் செடிகள். நான் காட்டுக்கும் மலைக்கும் போகிற ஆளில்லை. ஒரு தோட்டத்தை ஒழுங்காகப் பார்க்கவே ஓர் ஆயுள் போதாது என்பது என் கொள்கை.

கொள்கை நல்ல கொள்கைதான். படம்தான் வரவில்லை.

படம் வரவில்லை என்றால் கூர்மை இல்லை என்று நினைக்காதீர்கள். கூர்மையெல்லாம் அபாரம். ஆனால் பூச்சி எனக்கு முகத்தைக் காட்டாது. முதல் ஐந்து வருஷத்தில் பதினோராயிரம் படம் எடுத்தேன். அத்தனையும் முதுகு. தட்டானின் முதுகு, பொறிவண்டின் முதுகு, ஈயின் முதுகு. கும்பிடுபூச்சி என்று ஒன்று இருக்கிறதே, அது யாரைக் கண்டாலும் கையைக் கூப்பி நிற்கும், என்னைக் கண்டால் அந்தப் பக்கம் திரும்பி முருங்கை மரத்தைக் கும்பிடும். நான் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனால் அதுவும் சுற்றிக்கொள்ளும். எங்கள் ஊரில் ஒரு நிழற்படக் கழகம் உண்டு. மாதம் ஒரு கூட்டம். அங்கே அப்போது எனக்கு என்ன பெயர் தெரியுமா? முதுகு குற்றாலிங்கம். நேரில் யாரும் சொல்ல மாட்டார்கள். டீ குடிக்கப் போகும்போது காதில் விழும்.

என் பக்கம் எந்தக் குறையும் இல்லை. அதை நான் பல தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை வீட்டில் சத்தமே வரக்கூடாது என்று உத்தரவு போட்டிருந்தேன். மிக்சி ஓடக்கூடாது. பாத்திரம் உருளக்கூடாது. ரேடியோ கூடாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் இட்லிக்குச் சட்னி கிடையாது, பொடிதான். கோமதிக்கும் சௌகரியம், ஒரு வேலை மிச்சம். ஆரம்பத்தில் அவள் எனக்குப் பக்கத்தில் நின்று வெள்ளைத் தெர்மோகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டிருப்பாள், வெளிச்சத்துக்காக. ஆனால் பேசுவாள். "ஐயோ, எவ்வளவு சின்ன மீசை" என்பாள். பூச்சி ஓடிவிடும். "நீ உள்ளே போ" என்று அனுப்பிவிட்டேன்.

போகும்போது ஒன்று சொன்னாள். "நீங்க முறைச்சிக்கிட்டே போறிய. அது பயந்துதான் திரும்பிக்குது."

"முறைக்கலை. ஃபோகஸ் பண்ணுதேன்."

"அதுக்கு எப்படிங்க தெரியும், நீங்க ஃபோகஸ்தான் பண்ணுதியனு?"

படிக்காதவள் இல்லை, பி.எஸ்ஸி. விலங்கியல். ஆனாலும் பாருங்கள், இப்படி ஒரு கேள்வி.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. கழகத்தில் 'தோட்டத்துப் பூச்சிகள்' என்று ஒரு போட்டி. மறுநாள் கடைசி நாள். கேமராவிலிருந்த படங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டுத் தள்ளிக்கொண்டே வருகிறேன். முதுகு, முதுகு, முதுகு, பாதி முதுகு, வெறும் இலை, முதுகு. அடுத்தது.

சார், நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

ஒரு சிலந்தி. வலை பின்னாமல் குதித்துக் குதித்துத் திரியுமே, பச்சைப் பயறு அளவில், அது. நந்தியாவட்டை இலையின் நுனியில் உட்கார்ந்து நேராக என்னைப் பார்க்கிறது. நேராக! முன்னால் இரண்டு பெரிய கண், லாரி விளக்கு மாதிரி. பக்கத்தில் இரண்டு சின்னக் கண். மீசை மயிர் ஒவ்வொன்றையும் எண்ணலாம். தலையை லேசாகச் சாய்த்து, "அப்புறம்?" என்று கேட்பதுபோல ஒரு பார்வை. அந்தப் பெரிய கண் ஒவ்வொன்றிலும் நாலு சின்ன வெளிச்ச வட்டம், கோலப் புள்ளி வைத்த மாதிரி.

எப்போது எடுத்தேன் என்று ஞாபகம் வரவில்லை. ஆனால் ஒரு காலையில் நூற்றைம்பது படம் எடுக்கிறவனுக்கு ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்குமா? போன ஞாயிறு எடுத்ததாக இருக்கும், அவசரத்தில் கவனிக்காமல் விட்டிருப்பேன் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றால், நினைக்க ஆசைப்பட்டேன். இப்போது சொல்லலாம். படத்தை அனுப்பிவிட்டேன்.

முதல் பரிசு.

ஒருவர் மட்டும் ஆட்சேபணை செய்தார், சிலந்திக்கு எட்டுக் கால், அது பூச்சியே இல்லை, பூச்சிப் போட்டியில் இதற்குப் பரிசு எப்படி என்று. செயலாளர் ஜெபசிங் எழுந்தார். "எங்க வீட்டுல அதையும் பூச்சினு சொல்லித்தான் விளக்குமாத்தால அடிக்காங்க" என்றார். சபை ஏற்றுக்கொண்டது. சென்னையிலிருந்து வந்திருந்த நடுவர் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, "கண்ணுக்குள்ளே நாலு நிலா விழுந்திருக்கே, இதுக்கு என்ன விளக்கு வைத்தீர்கள்?" என்று மைக்கில் கேட்டார்.

நான் என்ன செய்ய வேண்டும்? தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். அதுதானே நேர்மை? மைக் என் வாய்க்கு முன்னால் இருக்கிறது. கூட்டத்தில் முதுகு என்று பெயர் வைத்தவர்கள் எல்லாரும் முகத்தைத் தூக்கிப் பார்க்கிறார்கள்.

"ஜெர்மன் விளக்கு" என்றேன்.

கைதட்டல். அப்புறம் என்னால் நிறுத்த முடியவில்லை. மூன்று மணி நேரம் அசையாமல் படுத்திருந்தேன் என்றேன். மூச்சை அடக்க யோகா பழகினேன் என்றேன். பொன்னாடை போர்த்தினார்கள். கோமதி கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. மேடையில் இருப்பவனுக்குக் கடைசி வரிசை எப்படித் தெரியும்?

இரண்டு வாரம் கழித்து ஜெபசிங், கழக மலரில் போட வேண்டும், மூலப் படத்தை அப்படியே அனுப்புங்கள் என்றார். அனுப்பும்போதுதான் படத்தின் விவரத்தைத் திறந்தேன். எடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. நேரம் காலை பதினொன்று நாற்பத்திரண்டு.

செவ்வாய்க்கிழமை நான் சங்கரன்கோவிலில். முத்திரை முகாம். காலை எட்டு மணி பஸ்ஸுக்குப் போனவன் இரவு எட்டு மணிக்குத்தான் வீட்டுக்கு வந்தேன். பதினொன்று நாற்பத்திரண்டுக்கு ஒரு வெங்காய மண்டியில் மேடைத் தராசின் மேல் நானே ஏறி நின்று சோதித்துக்கொண்டிருந்தேன். கேமரா வீட்டில், பீரோவில்.

கோமதியைக் கூப்பிட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நீ கேமராவைத் தொட்டியா?"

"நானா? அதுல எங்கன அமுக்கணும்னே எனக்குத் தெரியாதே."

"அப்ப இந்தப் படத்தை யாரு எடுத்தா?"

தலையைத் தூக்காமலே சொன்னாள். இதுதான் சார், நான் ஆறு வருஷமாகச் சந்தேகப்படுகிற கதை. அவள் சொன்னபடியே சொல்கிறேன். "நீங்கதான எடுத்திய? ஞாயித்துக்கிழமை. நந்தியாவட்டைக்குக் கீழே மண்டி போட்டு. நான் அடுக்களை ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே இருந்தேன். நீல லுங்கி கட்டியிருந்திய. எடுத்துட்டு எந்திரிக்கும்போது கால் மரத்துப்போயி, பக்கத்து வீட்டுச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நொண்டினிய. உங்களுக்குத்தான் எதுவும் ஞாபகம் இருக்காதே. கேமராக் கடிகாரம் தப்பா இருக்கும்."

எவ்வளவு விவரம் பாருங்கள். நீல லுங்கி. கால் மரத்தது. சுவர். ஒரு எடைக்கல் இவ்வளவு பளபளப்பாக வந்தால் நான் அதற்கு முத்திரை போடவே மாட்டேன்.

கேமராக் கடிகாரத்தைச் சோதித்தேன். ஆபீஸ் கடிகாரத்தோடு, ரயில்வே ஸ்டேஷன் கடிகாரத்தோடு, மூன்று நாள் சோதித்தேன். மூன்று வினாடி வேகம், அவ்வளவுதான். கோமதியிடம் சொன்னேன். "அன்னைக்குக் கெட்டுப்போயி, பெறவு தானாச் சரியாயிருக்கும்" என்றாள். "உங்களுக்குக் காய்ச்சல் வந்து போகலையா?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்?

இவள் எடுத்திருப்பாளோ என்று எனக்குத் தோன்றவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, கேட்க நினைக்கிறீர்கள். தோன்றியது. ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் சார், அந்த லென்ஸை எனக்கே ஐந்து வருஷமாகச் சரியாக வசப்படுத்தத் தெரியவில்லை. கீரை ஆய்கிற கையால் அது எப்படி நடக்கும்? அதனால் அந்த எண்ணத்தை அப்போதே தள்ளிவிட்டேன். சந்தேகப்படுவதில் ஒரு ஒழுங்கு வேண்டும். எட்டாத பக்கமெல்லாம் போகக்கூடாது.

ஒரு வருஷம் போயிருக்கும். படம் பெரிதாகச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியாகிவிட்டது. வருகிறவர்களெல்லாம் அதன் முன்னால் நிற்பார்கள். நான் விளக்கம் சொல்வேன். கோமதி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, நானும் கேட்கிறேனே என்பதுபோல நிலைப்படியில் சாய்ந்து நிற்பாள். யோகா வரைக்கும் கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. இட்லி, பொடி. கோமதி இட்லித் தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கமாகப் போனாள். வெயில் அதில் பட்டது. எதிர்ச் சுவரில் நாலு வெளிச்ச வட்டம் விழுந்தது. நாலு குழி, நாலு வட்டம். அவள் நடக்க நடக்க அந்த நாலும் சுவரில் ஏறி, ஓடி, என் படத்தின் மேல் போய் நின்றது.

வாயில் இருந்த இட்லி அப்படியே நின்றுவிட்டது.

ஓடிப்போய் கம்ப்யூட்டரைத் திறந்து சிலந்தியின் கண்ணைப் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். நாலு நிலா. உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு நிலாவிலும் பொட்டுப் பொட்டாக ஓட்டை. ஆவி வருவதற்கு வைத்த ஓட்டை! என் ஜெர்மன் விளக்கு எங்கள் வீட்டு இட்லித் தட்டு சார்.

"கோமதி! இந்தத் தட்டு தோட்டத்துக்கு எப்படிப் போச்சு?"

"கழுவினா வெயில்ல காயப்போட மாட்டாங்களா? செடிப் பக்கத்துச் சுவர்லதான் தினமும் சாத்தி வைக்கேன்."

அதுவும் நியாயம்தானே. முள் மறுபடியும் அந்தப் பக்கம் போய்விட்டது.

ஆனால் மனசு விடவில்லை. பக்கத்து வீட்டு ஆவுடையப்பன் அண்ணாச்சி ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், பகலெல்லாம் வீட்டில்தான் இருப்பார். பேச்சுவாக்கில் கேட்டேன், நான் இல்லாத நாளில் எங்கள் தோட்டத்தில் ஆள் நடமாட்டம் உண்டா என்று.

"ஆள் யாரும் கண்ணுக்குத் தெரியல. ஆனா பேச்சுச் சத்தம் கேக்கும்" என்றார். "தங்கச்சி பத்து பதினோரு மணிக்குத் தோட்டத்துப் பக்கம் வந்தா, பேச்சும் சிரிப்புமா ஒரு மணி நேரம் ஓடும். போன்ல பேசுதாவனு நான் நினைச்சேன்."

பேச்சா? சிரிப்பா? எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று நான் யோசித்துப் பார்த்தேன். கணக்குக்கு வரவில்லை. கோமதியின் போன் முன்னறையில் ஒயர் மாட்டினால்தான் வேலை செய்யும், பேட்டரி செத்துப்போய் எட்டு மாதம். நான்தான் மாற்ற வேண்டும், மறந்துகொண்டே இருந்தேன். அப்படியானால் அவள் யாரோடு பேசுகிறாள்?

அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று விளங்கியது. ஒரு ஆள் வருகிறான்! கைதேர்ந்த மேக்ரோக்காரன். நான் முகாமுக்குப் போகிற நாளாகப் பார்த்து வந்து, என் தோட்டத்தில், என் கேமராவில், என் பூச்சிகளைப் படம் எடுத்துவிட்டுப் போகிறான். எனக்கு வந்த கோபம் எதற்கு என்று நினைக்கிறீர்கள்? கோமதி மேல் ஒரு துளி கோபம் வரவில்லை, சத்தியமாக. அவனுக்கு மட்டும் பூச்சி முகத்தைக் காட்டுகிறதே, அதுதான் பொறுக்க முடியவில்லை.

அடுத்த செவ்வாய் லீவு போட்டேன். வழக்கம்போல சாப்பாட்டுப் பையோடு கிளம்பினேன். சாட்சிக்காகக் கேமராவையும் பையில் வைத்துக்கொண்டேன். தெருவைச் சுற்றி வந்து அண்ணாச்சி வீட்டு மாடிக்கு ஏறி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குத்த வைத்து உட்கார்ந்துவிட்டேன். எட்டரையிலிருந்து. அண்ணாச்சி ஒரு தடவை மேலே வந்து, "குத்தாலிங்கம், தொட்டிக்கு உள்ள இறங்கிறாதேயும், நேத்துதான் கழுவினது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்தேமுக்காலுக்குக் கோமதி வந்தாள். நைட்டி, தோளில் துண்டு, கையில் இட்லித் தட்டு. தட்டைச் சுவரில் சாய்த்தாள். நந்தியாவட்டைக்கு முன்னால் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு இலையை மெதுவாக விரலால் தாழ்த்தி, அதைப் பார்த்து ஏதோ சொன்னாள். சொல்லிவிட்டுக் காத்திருந்தாள், பதில் வரப்போவதுபோல. அப்புறம் தலையை ஆட்டினாள். அப்புறம் சிரித்தாள். கை கொட்டிச் சிரித்தாள் சார். பாழாய்ப்போன மோட்டார் அந்த நேரம் பார்த்து ஓடியது, ஒரு வார்த்தை காதில் விழவில்லை. ஒரு மணி நேரம். அண்ணாச்சி சொன்னது சரிதான்.

ஆனால் ஆள் யாரும் வரவில்லை. கடைசி வரைக்கும் வரவில்லை.

எனக்கு எவ்வளவு நிம்மதி! வேறொருவன் இல்லை. அப்படியென்றால் கோமதி சொன்னதுதான் நிஜம், படம் நான் எடுத்ததுதான். மாடியிலிருந்து சாட்சிக்கு இரண்டு மூன்று படம் எடுத்திருந்தேன். இரவு பார்த்தேன். அதில் ஒன்றில் அவள் நிமிர்ந்து சிரிக்கிறாள், முகம் நேராக விழுந்திருக்கிறது. ஆனால் கூர்மை சரியில்லை. அழித்துவிட்டேன்.

கோவில்பட்டி வந்துவிட்டது போலிருக்கிறது. இறங்கி டீ குடிக்க வேண்டுமா? வேண்டாமா? நல்லது, எனக்கும் வேண்டாம். பாதியில் விட்டால் தொடர்ச்சி போய்விடும்.

அதற்கப்புறம் வருஷங்கள் ஓடின. அந்த ஒரு படத்தை வைத்தே எனக்கு ஊரில் பெயர். முதுகு என்ற பட்டம் மறைந்து 'சிலந்திக் கண்' என்றார்கள். ஆனால் இன்னொரு முகம் எனக்குக் கிடைக்கவே இல்லை. இட்லித் தட்டை வைத்துப் பார்த்தேன். மணை போட்டுப் பார்த்தேன். உங்களிடம் சொல்ல என்ன வெட்கம், ஒருநாள் துண்டைத் தோளில் போட்டும் பார்த்தேன். முதுகுதான். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் எடையைச் சரிபார்த்தவன், தன் பெயர் போட்டு மாட்டிய படம் தன்னுடையதா என்று தெரியாமல் இருப்பது பெரிய அவஸ்தை. ஆபீசில் முத்திரை அடிக்கும்போது கை நின்றுவிடும். நீ என்ன யோக்கியன் என்று சுத்தியல் கேட்பதுபோல இருக்கும்.

போன மாதம் ஜெபசிங் வந்தார். கழகத்துக்கு வெள்ளி விழா. "சார், நம்ம உறுப்பினர் எட்டு பேரை மட்டும் உங்க தோட்டத்துக்குக் கூட்டிட்டு வாரேன். சிலந்தி முகத்தை எப்படி எடுக்கதுனு கண்ணு முன்னாடி எடுத்துக் காட்டுங்க. அதுதான் விழாவுக்கே தொடக்கம்."

"அதெல்லாம் எதுக்கு" என்றேன்.

"வாங்க வாங்க, எல்லாருக்கும் வடை போடுதேன்" என்றாள் கோமதி, நிலைப்படியிலிருந்து.

நேற்றுதான் சார் அவர்கள் வந்த ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை ராத்திரி நான் தூங்கவில்லை. ஒரு முடிவுக்கு வந்தேன். சிலந்தி திரும்பினால் பிழைத்தேன். திரும்பாவிட்டால் எட்டுப் பேர் முன்னாலும் சொல்லிவிடுவது, அந்தப் படம் என்னுடையதா என்று எனக்கே தெரியாது, விளக்கு ஜெர்மனியிலிருந்து வரவில்லை, அடுக்களையிலிருந்து வந்தது என்று. முதல் பரிசாக வந்த கேடயத்தைத் துடைத்து மேஜை மேல் தயாராக வைத்தேன், கையோடு திருப்பிக் கொடுக்க.

ஏழு மணிக்கு எல்லாரும் வந்தார்கள். நந்தியாவட்டையில் ஒரு சிலந்தி, நல்ல பிள்ளையாக இலையின் நடுவில் உட்கார்ந்திருந்தது. மண்டி போட்டேன். லென்ஸை நீட்டினேன். அது திரும்பி முதுகைக் காட்டியது. இந்தப் பக்கம் நகர்ந்தேன். அந்தப் பக்கம் திரும்பியது. பத்து நிமிஷம். இருபது நிமிஷம். எனக்குப் பின்னால் எட்டுப் பேரும் மூச்சு விடாமல் நிற்கிறார்கள். வேர்வை கண்ணில் இறங்குகிறது.

ஜெபசிங் மெதுவாகச் சொன்னார். "சார், அது முதுகை நீங்க பாக்கிய, உங்க முதுகை நாங்க பாக்கோம்."

ஒருவர் களுக்கென்று சிரித்தார். முடிந்தது என்று நினைத்தேன். கேமராவை இறக்கிவிட்டு எழுந்து சொல்லிவிடலாம் என்று வாயைத் திறக்கப் போகிறேன். அப்போது என் தலைக்கு மேலே, தோளுக்குப் பின்னால், கோமதியின் குரல். சத்தமாக இல்லை. சின்னப் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி ஒரு குரல். என்ன சொன்னாள் என்று தெரியவில்லை, ஒரு வார்த்தையோ இரண்டு வார்த்தையோ.

சிலந்தி டக்கென்று திரும்பியது.

அமுக்கினேன். திரையில் முகம். நேர் முகம், நாலு கண்ணும் கூர்மை. எட்டுப் பேரும் கைதட்டினார்கள். ஒருவர் என்னைத் தூக்கி நிறுத்தினார், கால் மரத்துப்போயிருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? வெட்கக்கேடு. "எல்லாம் பொறுமைதான்" என்றேன். உள்ளுக்குள் ஒருவன் தலையில் அடித்துக்கொள்கிறான், வெளியே ஒருவன் பொறுமையைப் பற்றிப் பேசுகிறான்.

ஜெபசிங் கேமராவை வாங்கிச் சிலந்தியின் கண்ணைப் பெரிதாக்கினார். "இந்தத் தடவை நிலா எப்படி விழுந்திருக்குனு பாப்போம்." பார்த்துக்கொண்டே இருந்தார். புருவத்தைச் சுருக்கினார். "சார், கீழே கறுப்பா மூட்டை மாதிரி கிடக்கது நீங்க. மேலே ஒரு ஆள் நிக்கே, கையில வட்டமா ஏதோ வச்சிக்கிட்டு? அது யாரைப் பாக்குது?"

கேமரா ஒவ்வொரு கையாகப் போனது. ஒவ்வொருவராக நிமிர்ந்து என் பின்னால் பார்த்தார்கள். நானும் திரும்பினேன். கோமதி காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

"ஆறிப்போகுது, எடுத்துக்கிடுங்க" என்றாள்.

காப்பி குடித்தார்கள். வடை நன்றாக இருக்கிறது என்றார்கள். போகும்போது ஜெபசிங் என்னிடம் சொல்லாமல் அவளிடம் மட்டும், "வாரோம்க்கா, விழாவுக்கு நீங்க அவசியம் வரணும், முன் வரிசையில" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் அவள் பின்கட்டில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். ஆறு வருஷமாக நான் மனசுக்குள் எழுதி எழுதி வைத்திருந்த கேள்விகள் எத்தனையோ. கேமராவைத் தொட்டது நீதானே? ஏன் மறைத்தாய்? நீல லுங்கி என்று ஏன் சொன்னாய்? ஒரு விசாரணைக்கு எல்லாம் தயாராக இருந்தது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் முகம் அவளுக்கு எப்படித் தெரிந்ததோ, "என்னத்துக்கு முறைக்கிய?" என்றாள்.

நான் முறைக்கவில்லை. அந்த மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவளோடு அப்படி உட்கார்ந்து எவ்வளவு காலமாயிற்று என்று தெரியவில்லை. எழுதி வைத்த ஒரு கேள்வியும் வரவில்லை. வேறு ஒன்றுதான் வந்தது.

"கோமு," என்றேன், "அதுக திரும்பிப் பாக்க மாதிரி, அப்படி என்னதான் சொல்லுதே நீ?"